பேட்டரிய மாத்துறதுக்கு முன்னாடி, பையனைத் திட்டுறதுக்கு முன்னாடி, அளந்து பாருங்க





பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு வச்சிக்கிட்டு பொறுமையா படிங்க. நம்ம கோயில் வேனைப் பத்தினது இது. கடைசியில ஒரு மன்னிப்பும் இருக்கு, அதனால பாதியில விட்டுடாதீங்க.

வேனைப் பத்தி தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. பழைய நிசான் வேனட். முன்னாடி ஸ்கூல் வேனா ஓடினது. உங்க எல்லாரோட காசுலயும் தான் வாங்கினோம். சிலர் 500 வெள்ளி குடுத்தீங்க, சிலர் 10 வெள்ளி குடுத்தீங்க. எழுதி வச்ச நோட்டு இன்னும் ஆபீஸ்ல இருக்கு. அந்த வேனுக்கு ஒரே ஒரு முக்கியமான வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாமான்ல, பழைய தோட்டத்துப் பக்கத்துல இருக்கிற பாட்டிமார்களைக் கூட்டிட்டு வந்து, பூஜை முடிஞ்சதும் வீட்டு வாசல்ல இறக்கி விடணும். தோட்டத்துல இருந்தப்போ கோயில் லயத்துக்குப் பின்னாடியே இருந்துச்சு, நடந்தே போவாங்க. தோட்டம் போயி வீட்டு மனை ஆன பிறகு கோயில் ஒரு பக்கம், அவங்க ஒரு பக்கம். கெடாவுல சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய், லூனாஸ், எங்க போனாலும் இதே கதை தான். பிள்ளைங்க கூலிம் ஹைடெக் பக்கம் ஷிப்ட் வேலை. கூட்டிட்டு வர ஆள் இல்ல. வேன் வரலன்னா பாட்டிக்கு அந்த வாரம் சாமி இல்ல.

இப்ப விஷயத்துக்கு வர்றோம்.

தைப்பூசம் முடிஞ்சு ரெண்டாவது வெள்ளிக்கிழமை வேன் ஸ்டார்ட் ஆகல. சாவிய திருப்பினா 'டக்'குனு ஒரு சத்தம், அவ்வளவு தான். ஜம்பர் கேபிள் போட்டு கிளப்பினோம். அடுத்த வாரமும் அதே. பேட்டரி பழசு, அதான்னு சொல்லி புதுசு மாத்தினோம். மூணு வாரம் எப்படியோ ஓடுச்சு. நாலாவது வாரம் மறுபடியும் 'டக்'. ஃபோர்மன்கிட்ட ஆல்டர்நேட்டர பாருங்கன்னு நாங்களே சொன்னோம், அவரும் ரீகண்டிஷன் பண்ணிக் குடுத்தாரு. அதுக்கப்புறமும் சரியா வரல. இன்னொரு பேட்டரி. எல்லாம் சேர்த்து 700 வெள்ளிக்கு கிட்ட போச்சு. ஃபோர்மன் மேல எந்த தப்பும் இல்ல. என்ன கோளாறுன்னு அவரைப் பார்க்க விடாம, இதை மாத்து, அதை மாத்துன்னு சொன்னது நாங்க.

அப்ப தான் அந்தப் பேச்சு ஆரம்பிச்சது. வழக்கமா வேன் ஓட்டுற அண்ணனுக்கு கண் ஆபரேஷன். தைப்பூசத்துக்கு அப்புறம் சாவி ஒரு தம்பி கைக்குப் போச்சு. 19 வயசு. நல்ல பையன், கூப்பிட்ட நேரத்துக்கு வருவான். "அவன் வந்ததுல இருந்து தான் இப்படி. உள்ள லைட்ட அணைக்காம விட்டுட்டு போயிருப்பான். போனை சார்ஜ்ல போட்டுட்டு மறந்திருப்பான். ராத்திரியில உக்காந்து ரேடியோ கேக்குறானோ என்னவோ." இப்படி ஆளுக்கு ஒண்ணு. தம்பி ஒவ்வொரு தடவையும் சொன்னான், "அண்ணே, நான் எல்லாத்தையும் அணைச்சிட்டு, கதவை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துட்டு தான் போறேன்." யாரும் காதுல வாங்கல.

ஒரு வெள்ளிக்கிழமை ரொம்ப மோசமா போச்சு. அன்னைக்கு ஒரு பாட்டியோட வீட்டுக்காரர் திதி. முன்கூட்டியே அர்ச்சனைக்குப் பேர் குடுத்து சீட்டு வாங்கி வச்சிருந்தாங்க. புடவை கட்டி, தட்டுல தேங்காய் பழம் வச்சிக்கிட்டு வாசல்ல நின்னிருக்காங்க. ஆறரைக்கு வர வேண்டிய வேன் வரல. போனை எடுத்துப் பேச அவங்களுக்குத் தெரியாது. எட்டு மணி வரைக்கும் நின்னுட்டு தட்டை உள்ள கொண்டு போயிட்டாங்க. மறுநாள் அவங்க எங்களைத் திட்டல. "பரவால்ல சாமி, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்"னு சொன்னாங்க. 80-ஐத் தாண்டினவங்க அடுத்த வருஷம்னு சொல்றாங்க. அதைக் கேட்டு எங்களுக்கு வந்த கோபத்தை எங்க மேல காட்டிக்காம அந்தத் தம்பி மேல காட்டினோம். செருப்பு விடுற இடத்துல, பத்து பேர் முன்னாடி. அவன் ஒண்ணும் பேசாம சாவிய ஆபீஸ் மேசை மேல வச்சிட்டுப் போனான். மூணு வாரம் கோயில் பக்கமே வரல.

எங்க குழுவுல பாதி பேர் ஃபேக்டரி ஆளுங்க. முப்பது வருஷமா மெஷின் லைன் பார்க்கிறோம். அங்க ஒரு மெஷின் நின்னா நாங்க என்ன செய்வோம்? ஆப்பரேட்டரைத் திட்டுறதுக்கு முன்னாடி மீட்டரை எடுப்போம். ஜப்பான்ல டொயோட்டா கம்பெனியில தாய்ச்சி ஓனோன்னு ஒரு பெரிய எஞ்சினியர் இருந்தாரு. ஒரு கோளாறு வந்தா 'ஏன்'னு அஞ்சு தடவை கேளு, முதல் பதில்ல நின்னுடாதேன்னு தொழிலாளிகளுக்குச் சொல்லிக் குடுத்தவர். எங்க ஃபேக்டரியிலயும் அதை சுவத்துல ஒட்டி வச்சிருக்காங்க. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் அதைப் பார்த்துக்கிட்டே வேலை செய்றோம். கோயிலுக்கு வந்ததும் அந்த அறிவைச் செருப்போட வெளியில விட்டுட்டு வந்துட்டோம்.

எலுமிச்சம்பழம் வச்சு வேனுக்கு திருஷ்டி கழிச்சோம், அதையும் மறைக்கல. அதுல தப்பும் இல்ல. புது வண்டி வாங்கினா சக்கரத்துக்கு அடியில பழம் வைக்கிறோம், அது நம்ம நம்பிக்கை. ஆனா பழத்தை நசுக்கிட்டு மீட்டரைத் தொடாம இருந்தது நம்ம சோம்பேறித்தனம். அதுக்கு முருகன் பொறுப்பு இல்ல.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவி வச்ச பிறகு, மூணு பேர் உக்காந்தோம். என்ன செஞ்சோம்னு வரிசையா சொல்றோம். உங்க வீட்லயும் பழைய புரோட்டோன் சாகா, வீரா, பெரோடுவா கஞ்சில் நிக்கும். சாகா வந்தது 1985-ல, வீரா 1993-ல, கஞ்சில் 1994-ல. அந்தக் காலத்து வண்டிங்க நம்ம ஆளுங்க வீட்ல இன்னும் எத்தனையோ ஓடுது. உங்களுக்கும் இது உபயோகப்படும்.

முதல்ல கை. மோதிரம், காப்பு, தங்கச் சங்கிலி எல்லாத்தையும் கழட்டிட்டோம். பேட்டரி பக்கத்துல குனியறப்போ சங்கிலி பிளஸ்லயும் பாடியிலயும் பட்டுச்சுன்னா நொடியில பழுத்து சதையில ஒட்டிக்கும். சிகரெட்டும் கூடாது. பேட்டரியில இருந்து வர்ற வாயு தீப்பிடிக்கிற வாயு.

அடுத்தது வோல்ட். பேட்டரிய சார்ஜ் பண்ணி, வண்டிய அப்படியே நிறுத்தி வச்சு அளந்தோம். நல்லா சார்ஜ் ஏறின பேட்டரி ஓய்வுல இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். 12.4 வந்தா கால் பங்கு போயிருச்சு. 12.2 வந்தா பாதி போச்சு. 12-க்கு வந்துட்டா முக்கால் பங்கு காலி. நம்ம வேன் சனிக்கிழமை காலையில 12.6 இருந்துச்சு, ஞாயிறு மத்தியானம் 12.4. யாரும் தொடல, சாவி எங்ககிட்ட. தம்பி கிட்டயே வரல. அங்கயே எங்களுக்கு முகம் செத்துப் போச்சு.

எஞ்சினை ஓட விட்டு அளந்தோம். 14.1 வோல்ட். 13.8-ல இருந்து 14.4-க்குள்ள இருந்தா சார்ஜிங் சரின்னு அர்த்தம். ஆல்டர்நேட்டர ரீகண்டிஷன் பண்றதுக்கு முன்னாடி இதே அளவை எடுத்திருக்கலாம். ரெண்டு நிமிஷ வேலை. அதைச் செய்யாம காசு குடுத்தோம்.

அப்புறம் தான் முக்கியமான அளவு. சாவி எடுத்து, எல்லாம் அணைச்சு, கதவெல்லாம் சாத்தின வண்டி எவ்வளவு கரண்ட் குடிக்குதுன்னு பார்க்கணும். மீட்டர்ல சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாத்தணும். பேட்டரியோட மைனஸ் டெர்மினலைக் கழட்டி, கழட்டின கேபிளுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல மீட்டரை வைக்கணும். அப்ப வண்டிக்குள்ள போற கரண்ட் எல்லாம் மீட்டர் வழியா தான் போகும். தோட்டத்துல பால் தூக்கினவங்களுக்கு இது சுலபமா புரியும். மரத்துக்கும் வாளிக்கும் நடுவுல மங்கு வச்சு எவ்வளவு சொட்டுதுன்னு பார்க்கிற மாதிரி தான்.

இதுல மூணு விஷயத்துல கவனம் வேணும். மீட்டர் நடுவுல இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணாதீங்க, பெரிய லைட்டும் போடாதீங்க. ஸ்டார்ட்டர் இழுக்கிற கரண்டை இந்தச் சின்ன மீட்டர் தாங்காது, உள்ள ஃபியூஸ் போயிடும். ரெண்டாவது, அளந்து முடிச்சதும் சிவப்பு வயரைப் பழைய ஓட்டைக்கு மாத்திடுங்க. 10 ஆம்பியர் ஓட்டையில இருக்கிறப்போ வோல்ட் பார்க்கிறோம்னு பேட்டரியோட ரெண்டு முனையிலயும் வச்சா அது ஷார்ட். மூணாவது, கதவு தொறந்திருந்தா உள் லைட் எரியும், கணக்கு தப்பாயிடும். கதவைச் சாத்துங்க, இல்லன்னா கதவுல இருக்கிற பொத்தானை அமுக்கிப் பிடிங்க.

வச்ச உடனே வர்ற நம்பரை நம்பாதீங்க. கொஞ்சம் கம்ப்யூட்டர் இருக்கிற வண்டின்னா தூங்கப் போக நேரம் எடுக்கும். அரை மணி நேரம் விட்டுட்டு வந்து பாருங்க. ரேடியோவோட ஞாபகத்துக்கும் கடிகாரத்துக்கும் அலாரத்துக்கும் கொஞ்சம் கரண்ட் வேணும் தான். பழைய வண்டிக்கு 20, 30 மில்லிஆம்பியர், அதாவது 0.02, 0.03 ஆம்பியர் இருந்தா பயப்பட வேணாம். 50 மில்லிஆம்பியரைத் தாண்டி நின்னா எங்கயோ லீக்.

நம்ம வேன் காட்டினது 0.35 ஆம்பியர். 350 மில்லிஆம்பியர்.

கணக்கு போட்டோம். ஞாயிறு ராத்திரி 9 மணிக்கு நிறுத்தினா வெள்ளி சாயங்காலம் 5 மணி வரைக்கும் 116 மணி நேரம். 116-ஐ 0.35-ஆல பெருக்கினா 40 ஆம்பியர்-மணி. நம்ம பேட்டரி மொத்தமே 45. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேட்டரியில மிச்சம் இருக்கிறது மங்குல ஒட்டின பால் அளவு தான். எந்த பேட்டரி போட்டாலும் இதே தான் நடக்கும். அது மட்டுமா? ஈய அமில பேட்டரி ஒவ்வொரு தடவையும் அடிவரைக்கும் காலியாகும்போது தட்டுல சல்பேட் உறைஞ்சு போகும், பழைய சக்தி முழுசா திரும்பாது. பேட்டரி பழசா இருந்ததால லீக் ஆகல. லீக் தான் புது பேட்டரிய மூணு வாரத்துல கிழவனாக்குச்சு.

சரி, எங்க போகுது? ஃபியூஸ் பெட்டியத் தொறந்து ஒவ்வொரு ஃபியூஸா கழட்டினோம். ஒருத்தர் கழட்ட, ஒருத்தர் மீட்டரைப் பார்க்க, ஒருத்தர் நோட்டுல எழுத. எந்த ஃபியூஸைக் கழட்டும்போது நம்பர் 'டக்'குனு இறங்குதோ அந்த லைன்ல தான் திருடன். ஹாரன், மாறல. வைப்பர், மாறல. ரேடியோ, ரூம் லைட், கொஞ்சூண்டு இறங்குச்சு. எல்லா ஃபியூஸையும் கழட்டியாச்சு. மீட்டர்ல இன்னும் 0.32.

மூணு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். ஃபியூஸ் பெட்டி மொத்தமும் காலி, ஆனா கரண்ட் போகுது. அப்படின்னா பெட்டி வழியா போகாம, பேட்டரியில இருந்து நேரா போற ஏதோ ஒண்ணு. இந்த இடத்துல பல பேர் தோத்துப் போயி 'பழைய வண்டி, வித்துடலாம்'னு முடிவு பண்ணிடுவாங்க. நம்ம கமிட்டியிலயும் அந்தப் பேச்சு வந்துச்சு. பெட்டியில சிக்கலன்னா பார்க்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு ஆல்டர்நேட்டர். அதுக்குள்ள இருக்கிற டையோடு கெட்டுப் போனா வண்டி நிக்கும்போது கரண்ட் பின்னால ஒழுகும். மைனஸ் டெர்மினலைக் கழட்டிட்டு ஆல்டர்நேட்டரோட தடிச்ச வயரைத் தனியா எடுத்து வச்சிட்டு மறுபடி அளந்தா தெரிஞ்சிடும். ரெண்டாவது, பின்னால யாராவது போட்ட வயர்.

பேட்டரி பிளஸ்ல ஒரு சிவப்பு வயர் கூடுதலா இருந்துச்சு. கறுப்பு டேப் சுத்தினது. அது கம்பளத்துக்கு அடியில ஓடி, பின் சீட்டுக்குக் கீழ போச்சு. சீட்டைத் தூக்கினோம். மடிச்சு வச்ச பந்தல் துணி. துணிய எடுத்தா, அதுக்குக் கீழ ஆம்ப். சின்னதா ஒரு பச்சை லைட் எரிஞ்சிக்கிட்டு இருந்துச்சு. தொட்டுப் பார்த்தோம், வெதுவெதுன்னு இருந்துச்சு. அந்த வயர்ல இருந்த ஃபியூஸைக் கழட்டினோம். மத்த ஃபியூஸை எல்லாம் திருப்பிப் போட்டு அளந்தோம். 0.03.

அந்த ஆம்பை யார் போட்டது தெரியுமா? நாங்க தான்.

தைப்பூசத்துக்கு நம்ம காவடி கோஷ்டி நடக்கிறப்போ வேன் பின்னாலயே வரணும், பாட்டு போகணும். நடுவுல எஞ்சினை நிறுத்தினாலும் பாட்டு நிக்கக் கூடாதுன்னு யாரோ கேட்டாங்க. ஆம்புக்கு ஒரு நீல வயர் இருக்கும். ரேடியோ போட்டா ஆம்ப் எந்திரிக்கணும், ரேடியோ அணைச்சா தூங்கணும், அதுக்காக இருக்கிற வயர். அவசரத்துல அந்த நீல வயரைச் சிவப்பு வயரோட சேர்த்து முறுக்கி டேப் சுத்தினோம். முதல் நாள் ராத்திரி பதினொரு மணி, டார்ச் லைட் வெளிச்சத்துல. திருவிழா முடிஞ்சதும் பிரிச்சிடலாம்னு பேசிக்கிட்டோம். ஸ்பீக்கர் பெட்டியை இறக்கினோம், வயரை மறந்துட்டோம். அன்னையில இருந்து அந்த ஆம்ப் பகலும் ராத்திரியும் முழிச்சிக்கிட்டே இருந்திருக்கு. பாட்டு இல்லாம, கேக்க ஆள் இல்லாம.

தைப்பூசத்துக்கு முன்னாடியும் அந்த வாரமும் வேன் தினம் ஓடுச்சு, தினம் சார்ஜ் ஏறுச்சு. அதனால ஒண்ணும் தெரியல. திருவிழா முடிஞ்சு வாரத்துல அஞ்சு நாள் சும்மா நிக்க ஆரம்பிச்ச பிறகு தான் நோய் வெளிய தெரிஞ்சது. அதே வாரத்துல தான் சாவி தம்பி கைக்குப் போச்சு. ரெண்டும் ஒரே நேரத்துல நடந்தது. அதை வச்சு அவன் மேல பழி போட்டோம். காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதை தான். அந்த மரத்தை ஆட்டினது நாங்க.

நீல வயரைப் பிரிச்சு, சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற லைனோட சேர்த்தோம். செலவு ரெண்டு அடி வயர், ஒரு கிளிப். இப்ப வேன் நாலு வாரமா ஒரு தடவை கூட மக்கர் பண்ணல. 0.03-ல 116 மணி நேரம் நின்னா போறது மூணரை ஆம்பியர்-மணி தான்.

இதுல எங்களோட கருத்து என்னன்னா, இந்த மாதிரி சின்ன லீக்கை நம்ம சமுதாயம் ரொம்ப லேசா எடுத்துக்குது. பெரிய செலவு வந்தா கூட்டம் போட்டுப் பேசுறோம். கண்ணுக்குத் தெரியாம சொட்டுறதை யாரும் கேக்கிறது இல்ல. ஆனா நம்ம பெரியவங்களுக்கு சொட்டோட அருமை தெரியும். 1960-ல துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சு, தோட்டம் தோட்டமா போயி, தொழிலாளிங்ககிட்ட மாசம் பத்து வெள்ளியா சேர்த்தாரு. துண்டாடப்பட்டுப் போயிட்டிருந்த தோட்டங்களை அந்தப் பணத்துல வாங்கினாங்க. முதல்ல வாங்கினதே நம்ம கெடாவுல இருக்கிற புக்கிட் சிடிம் தோட்டம். பத்து பத்து வெள்ளியா சேர்ந்தா ஒரு தோட்டமே கைக்கு வரும்னா, பத்து பத்தா ஒழுகினா என்ன ஆகும்? அந்தத் தலைமுறையில மிச்சம் இருக்கிற பாட்டிங்க தான் இந்த வேனுக்கும் பத்து வெள்ளி குடுத்தது. அந்த நோட்டுல அவங்க பேரும் இருக்கு. அவங்க காசை அளந்து பார்க்காம ரெண்டு பேட்டரிக்குக் குடுத்துட்டோம்.

காசு கூட பரவால்ல. காசை மறுபடி சேர்த்துடலாம். 19 வயசு பையன் கோயில்ல தொண்டு செய்ய வர்றது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியும். இளைஞர்கள் கோயிலுக்கு வர்றது இல்லன்னு ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலயும் மைக் பிடிச்சுப் பேசுறோம். வந்த ஒருத்தனை, ஒரு நம்பர் கூட எடுத்துப் பார்க்காம, பத்து பேர் முன்னாடி திட்டி அனுப்புறோம். அப்புறம் அடுத்த கூட்டத்துல அதே மைக்.

சில பேர் கேக்கலாம், இவ்வளவு எதுக்கு, ராத்திரி பேட்டரி டெர்மினலைக் கழட்டி வச்சிட்டா போதாதான்னு. அவசரத்துக்கு செய்யலாம், தப்பு இல்ல. ஆனா அது ஓட்டைப் பானைக்குக் கீழ கிண்ணம் வைக்கிற மாதிரி. எங்க ஒழுகுதுன்னு தெரியாமலே இருக்கும். வயர் உரசி ஒழுகுதுன்னா ஒரு நாள் சூடாகி புகையும் வரலாம். உள்ள உக்காந்திருக்கிறது பாட்டிமார்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லிடுறோம். பொத்தானை அமுக்கி ஸ்டார்ட் பண்ற புது வண்டிகள்ல இந்த மாதிரி மைனஸைக் கழட்டி விளையாடாதீங்க. கம்ப்யூட்டர் நிறைய, சிலதுல ரேடியோவே நம்பர் கேக்கும். அதுக்கு ஃபியூஸைக் கழட்டாம, ஃபியூஸ் முதுகுல இருக்கிற ரெண்டு புள்ளியில மில்லிவோல்ட் பார்க்கிற முறை இருக்கு. கிளாம்ப் மீட்டரும் இருக்கு, ஆனா அது டிசி கரண்ட் அளக்கிறதா இருக்கணும். வீட்டு வயரிங்குக்கு வச்சிருக்கிற ஏசி கிளாம்ப் பேட்டரி கேபிள்ல ஒண்ணும் காட்டாது. தெரியலன்னா வயரிங் தெரிஞ்ச ஆள்கிட்ட குடுங்க. குடுக்கும்போது 'பேட்டரி மாத்துங்க'ன்னு சொல்லாதீங்க. 'எவ்வளவு லீக்குன்னு அளந்து சொல்லுங்க'ன்னு கேளுங்க. கேக்கிற கேள்விக்குத் தகுந்த வேலை தான் நடக்கும்.

கமிட்டிகிட்ட நாங்க நாலு விஷயம் கேட்டிருக்கோம். பக்தர்களும் ஆதரவு குடுக்கணும்.

ஒண்ணு, வேன்ல ஒரு நோட்டு. யார் ஓட்டினது, எப்ப நிறுத்தினது, வெள்ளிக்கிழமை மத்தியானம் எத்தனை வோல்ட். மத்தியானமே பார்த்துட்டா சாயங்காலம் பாட்டி வாசல்ல நிக்க வேண்டியது இல்ல.

ரெண்டு, திருவிழாவுக்கு யார் என்ன வயர் போட்டாலும் அதுல ஃபியூஸ் இருக்கணும், பேரும் தேதியும் எழுதின டேப் சுத்தணும். திருவிழா முடிஞ்ச மறுநாள் பந்தல் பிரிக்கும்போது வயரையும் பிரிக்கணும். இது வேனுக்கு மட்டும் இல்ல, கோயில் சீரியல் லைட்டுக்கும் தான்.

மூணு, ஸ்டோர்ல ஒரு மீட்டர். ஹார்ட்வேர் கடையில 30, 40 வெள்ளி. அதை நாங்களே வாங்கி வச்சிட்டோம், உபயம் யாரும் குடுக்க வேணாம்.

நாலாவது தான் முக்கியம். எந்தக் கோளாறு வந்தாலும் அளந்து பார்க்கிறதுக்கு முன்னாடி யார் பேரையும் சொல்லக் கூடாது. உண்டியல் கணக்கா இருந்தாலும் சரி, காணாம போன குத்துவிளக்கா இருந்தாலும் சரி.

இப்ப மன்னிப்பு.

போன வாரம் பழம் வாங்கிட்டு அந்தத் தம்பி வீட்டுக்குப் போனோம். அவங்க அம்மா டீ குடுத்தாங்க. நாங்க நடந்ததைச் சொன்னோம், ஆம்பைப் பத்தி, நீல வயரைப் பத்தி. அவன் கேட்டுக்கிட்டே இருந்துட்டு, "நான் அணைச்சேன்னு அன்னைக்கே சொன்னேன்லண்ணே"ன்னான். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. எங்ககிட்டயும் பதில் இல்ல.

ஆனா அவனைத் திட்டினது பத்து பேர் முன்னாடி. வீட்டுக்குள்ள மன்னிப்பு கேட்டா கணக்கு சரியாகாது. அதனால தான் இவ்வளவு நீளமா, எல்லாரும் பார்க்கிற இடத்துல எழுதுறோம். தம்பி, தப்பு உன்னுது இல்ல. எங்களுது. வயரும் எங்களுது, வாயும் எங்களுது. அன்னைக்கு செருப்பு விடுற இடத்துல நின்னு கேட்ட பத்து பேரும் இதைப் படிச்சிட்டு, அவனைப் பார்க்கும்போது ஒரு வார்த்தை நல்லதா பேசுங்க.

இந்த வெள்ளிக்கிழமை அவன் பூஜைக்கு வந்தான். பின்னால நின்னு கும்பிட்டுட்டு, அன்னதானத்துல சாப்பிட்டுட்டுப் போனான். சாவி இன்னும் வாங்கிக்கல. நாங்களும் வற்புறுத்தல. ஆபீஸ்ல அதே ஆணியில தொங்குது.

திதிக்கு வர முடியாம போன பாட்டிக்காக ஐயர்கிட்ட பேசி, வர்ற அமாவாசைக்கு அர்ச்சனை வச்சிருக்கோம். வேன் ஆறு மணிக்கே அவங்க வாசல்ல நிக்கும். மத்தியானம் வோல்ட் பார்த்துட்டு தான் கிளம்புவோம்.

வீட்ல பேட்டரி அடிக்கடி சாகுற பழைய வண்டி வச்சிருக்கிறவங்க ஞாயித்துக்கிழமை அன்னதானம் முடிஞ்ச பிறகு கோயில் வாசலுக்கு எடுத்துட்டு வாங்க. மீட்டர் இருக்கு, அளந்து சொல்றோம். காசு வேணாம். மோதிரம், சங்கிலிய மட்டும் வீட்ல கழட்டி வச்சிட்டு வாங்க.